இனிப்புக்குள் ஒளிந்திருக்கும் கேடு

ஆலயத்தின் ஞாயிறு சமய வகுப்பில் பாடம் நடத்தும் எளியவன் நான். என் தவறு ஒன்றிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உறவினர் திருமண விருந்தில், பதினைந்து வயதான என் தங்கை மகன் வண்ணப் போத்தல் ஒன்றைக் கையில் வைத்திருந்தான். பழரசம் என்றெண்ணிக் கடந்து போனேன். அது மது என்பது மறுநாள் தங்கை அழுதபோதுதான் தெரிந்தது. "கசக்கவே இல்லை மாமா, சோடா மாதிரிதான் இருந்தது" என்றான் அவன்.

வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென்றே 93ஆம் அதிகாரத்தை வகுத்தார். கள்ளுக்கு வாடையும் புளிப்பும் உண்டு. பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேலி. சர்க்கரையும் பழச்சுவையும் அவ்வேலியைப் பிடுங்கிவிடுகின்றன. 5 விழுக்காட்டு ஆல்கஹால் கொண்ட 330 மில்லிலிட்டர் இனிப்பு மதுவில் 16.5 மில்லிலிட்டர் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதே அளவும் வீரியமும் கொண்ட பீரில் இருப்பதும் அவ்வளவே. நாக்கு ஏமாறலாம், உடல் ஏமாறாது.

இதைத் தடுக்கச் சில நாடுகள் வரியைக் கருவியாக்கின. ஜெர்மனி 2004இல் வடித்த மது கலந்த இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி விதித்தது. 275 மில்லிலிட்டர் போத்தலுக்கு அது ஏறத்தாழ 84 காசு, அதாவது யூரோ சென்ட். ஆஸ்திரேலியா 2008 ஏப்ரலில் இத்தகைய பானங்களின் வரியை, ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 39.36 டாலரிலிருந்து 66.67 டாலராக உயர்த்தியது. இரு நாடுகளிலும் அப்பானங்களின் விற்பனை குறைந்தது. கைச்செலவுப் பணத்தில் வாங்கும் பிள்ளைகளை விலை தடுத்து நிறுத்தும் என்பதே இதன் அடிப்படை.

ஆயினும் முழு வெற்றி கிட்டவில்லை. ஜெர்மனியின் வரி வடித்த மதுவுக்கு மட்டுமே என்பதால், உற்பத்தியாளர்கள் பீரும் ஒயினும் கலந்த இனிப்புப் பானங்களுக்கு மாறினர். ஒரு வாசலை மட்டும் அடைத்தால் அடுத்த வாசல் திறக்கிறது. ஆகவே பானத்தின் பெயரைப் பார்க்காமல், அதிலுள்ள ஆல்கஹாலின் அளவைப் பார்த்து வரி விதிப்பதே சிறந்தது என்பது என் கருத்து.

நம் சிங்கப்பூரில் கலால் வரி ஆல்கஹாலின் அளவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 2014 முதல் வடித்த மதுவுக்கும் ஒயினுக்கும் லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. பீருக்கு 60 வெள்ளி. 18 வயது நிரம்பாதோருக்கு மது விற்கவும் கூடாது. ஆனால் எனக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். அந்தப் போத்தலை என் மருமகன் கடையில் வாங்கவில்லை; நம் விருந்து மேசையிலிருந்து எடுத்தான். அங்கே வரியும் இல்லை, வயது கேட்பாரும் இல்லை.

எனவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இரண்டு. போத்தலின் நிறத்தைப் பார்க்காதீர்கள். ஒட்டுத்தாளில் உள்ள விழுக்காட்டைப் படியுங்கள். வீட்டு விசேஷங்களில் பிள்ளைகளின் கைக்கெட்டும் மேசையில் மதுவை வைக்காதீர்கள்.

உங்கள் நன்கொடையால் நடைபெறும் எங்கள் வகுப்பில், மேற்சொன்ன 16.5 மில்லிலிட்டர் கணக்கை மாணவர்களையே போடச் சொன்னேன். விடை கண்டதும் வகுப்பே அமைதியானது. அரசு போடும் வேலி விலை. நாம் போட வேண்டிய வேலி விழிப்பு. இறையருள் நம் பிள்ளைகளைக் காக்கட்டும். நாமும் கண் திறந்திருப்போமாக.