ஆயுத பூஜைக்குப் பூ வாங்கப் போகிறீர்களா?

சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை வருகிறது என்றால் பொரி, கடலை, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூசணிக்காய் என்று பட்டியல் போட்டு வாங்கி வைத்துவிடுகிறோம். பூவை மட்டும் கடைசிக்கு விட்டுவிடுகிறோம். 'தெருமுனையில் கிடைக்காதா என்ன?' என்ற நினைப்புதான் காரணம். பூஜைக்கு ஒரு மணி நேரம் முன்பு கடைக்கு ஓடினால், விலையும் கூடுதல், கிடைப்பதும் கசங்கிய பூ. 'சரி, இருப்பதைக் கொடுங்கள்' என்று வாங்கி வந்து இறைவனுக்குச் சாற்றுகிறோம்.

இது சரிதானா? பூவைத் தேர்ந்தெடுப்பதும், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும்கூடப் பூஜையின் ஓர் அங்கம்தான். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போமா?

பூவுக்காக ஆள் தேடிய ஆசார்யர்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். பூதபுரி என்று புராணப் பெயர். ஆதிகேசவப் பெருமாளும் யதிராஜநாதவல்லித் தாயாரும் அருள்புரியும் இந்தத் தலத்தில்தான், 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீராமானுஜர் அவதரித்தார்.

வைணவத்தில் திருவரங்கத்தைப் போக மண்டபம் என்றும், காஞ்சியைத் தியாக மண்டபம் என்றும், திருமலையைப் புஷ்ப மண்டபம் என்றும் போற்றுவார்கள். அந்தப் புஷ்ப மண்டபத்தில் தினமும் பூத்தொடுத்துச் சாற்ற ஆள் வேண்டுமே என்று கவலைப்பட்டார் ராமானுஜர். அந்நாளில் திருமலை என்றால் குளிரும் காடும்தான். 'யார் போகிறீர்கள்?' என்று அவர் கேட்டபோது, சீடர்களில் அனந்தாழ்வான் எழுந்து நின்றார். திருமலைக்குச் சென்று, ஏரி வெட்டி, நந்தவனம் அமைத்து, அதற்குத் தன் குருவின் பெயரையே சூட்டினார் என்கிறது குருபரம்பரை வரலாறு.

கவனித்தீர்களா? பூ வேண்டும் என்றதும் அவர் முதலில் தேடியது நம்பிக்கையான ஒரு மனிதரை. நல்ல பூ கிடைக்க நல்ல ஆள் வேண்டும். நமக்கு நந்தவனம் வைக்க இடமில்லை. பூ கொண்டுவந்து தருகிற கடைக்காரரே நமக்கு அந்தக் கைங்கர்யத்தைச் செய்கிறார்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில்...

இன்று ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம்-வடகால், ஒரகடம் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் என்று என்னென்னவோ இங்கே தயாராகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998-ல். அதன்பின் வந்த ஆலைகள் பல.

கருவிக்கு நன்றி சொல்லும் ஆயுத பூஜை இங்கே எவ்வளவு பெரிய விழாவாக இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? பெரிய ஆலை, லேத் பட்டறை, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, நான்கு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் வாடகை அறை... எல்லா இடத்திலும் பூ வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் செப்டம்பர் 17-ஐ ஒட்டி விஸ்வகர்மா பூஜை செய்கிறார்கள். அவர்களுக்குச் செண்டுமல்லி மாலை முக்கியம். வங்காளத்தவரின் துர்கா பூஜையில், அஷ்டமியும் நவமியும் கூடும் வேளையில் 108 தாமரை சாற்றுவது மரபு.

இன்னொன்றும் உண்டு. ஆயுத பூஜை அன்று விடுமுறை என்பதால், முந்தைய வேலை நாளிலேயே பூஜையை முடித்துவிடும் ஆலைகள் பல. ஆகவே பூவுக்கான நெருக்கடி ஒரு நாள் முன்னதாகவே தொடங்கிவிடும். இதை மறந்தவர்கள்தான் கடைசியில் அலைகிறார்கள்.

யாருக்கு எந்தப் பூ?

கலைமகளுக்கு வெண்மை நிறம் உகந்தது. வெண்தாமரை, மல்லிகை, நந்தியாவட்டை, சம்பங்கி சாற்றலாம். திருமகளுக்குச் செந்தாமரை. துர்கைக்குச் செவ்வரளி. பெருமாளுக்குத் துளசி. சிவனாருக்கு வில்வம், தும்பை, கொன்றை. பிள்ளையாருக்கு அருகம்புல்லும் எருக்கும் போதும்.

விலக்க வேண்டியவையும் உண்டு. சிவபூஜைக்குத் தாழம்பூ ஆகாது. பிள்ளையாருக்குத் துளசி சாற்றுவதில்லை. விநாயகர் சதுர்த்தி மட்டும் விலக்கு. துர்கைக்கு அருகம்புல் கூடாது என்பார்கள். வாடியது, பூச்சி அரித்தது, முகர்ந்து பார்த்தது, தரையில் விழுந்தது ஆகியவற்றைப் பூஜைக்குச் சேர்க்கக்கூடாது. தானாக உதிரும் பவழமல்லிக்கு மட்டும் அந்த விதி இல்லை. வில்வத்தைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்பது மரபு. விலை ஏறிய நாளில் கால் கிலோ பூ கிடைக்காவிட்டாலும், ஒரு கைப்பிடி துளசியோ வில்வமோ போதும். மனக்குறை வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது?

பூ விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, அளக்காமல் வாங்குவது. ஒரு முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. ஏறக்குறைய ஒன்றரை அடி. கைக்குக் கை இது மாறும். அதனால் பெரிய ஆர்டராக இருந்தால் அடிக்கணக்கில் சொல்லிவிடுங்கள்.

மூன்றடி அகல நிலைப்படிக்கு, இரண்டு பக்கமும் ஒன்றரை அடி தொங்கும்படி சரம் கட்ட ஆறு அடி, அதாவது 4 முழம் தேவை. சிறிய சுவாமி படம் ஒன்றுக்கு 2 முழம். மோட்டார் சைக்கிளுக்கு 2 முழம். நான்கு பேர் தங்கும் அறையில் வாசல், ஒரு படம், இரண்டு வண்டி என்றால் மொத்தம் 10 முழம் சாமந்திச் சரமும், அர்ச்சனைக்குக் கால் கிலோ உதிரிப்பூவும் தாராளம். இதற்கு மேல் வாங்குவது மறுநாள் குப்பைக்குத்தான் போகும்.

கோயிலுக்கு மாலை தருவதானால், முதலில் அர்ச்சகரைக் கேளுங்கள். வெளியிலிருந்து வரும் மாலையைச் சாற்றுவார்களா, மூலவருக்கா உற்சவருக்கா, என்ன நீளம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரகடம் அருகே வல்லக்கோட்டையில் முருகப்பெருமான் சுமார் 7 அடி உயரத்தில் நிற்கிறார். தோளிலிருந்து திருவடி வரை இருபுறமும் தொங்க வேண்டுமானால், மாலைக்கு 11, 12 அடியாவது வேண்டும். கடையில் தொங்கும் சாதாரண மாலையை வாங்கிச் சென்றால், அது மார்போடு நின்றுவிடும்.

பூக்கடையில் என்ன சொல்ல வேண்டும்?

இந்தப் பகுதிக் கடைகளுக்குக் கோயம்பேடு சந்தையிலிருந்தும் பூ வருகிறது. 1996-ல் தொடங்கிய அந்தச் சந்தைக்குத் திண்டுக்கல், ஓசூர் பக்கமிருந்தும், ஆந்திரம், கர்நாடகத்திலிருந்தும் லாரி லாரியாகப் பூ வந்து இறங்குகிறது. நாம் தூங்கும் நேரத்தில் போய், கூட்டத்தில் நின்று எடுத்து வந்து, விடியும் முன் கட்டி முடிக்க வேண்டும். ஆகவே குறைந்தது நான்கைந்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது ஒரு துண்டுச் சீட்டில் இவற்றை எழுதிக் கொடுங்கள்:

1. என்ன பூ, என்ன நிறம்.

2. உதிரியா, சரமா, மாலையா. சரம் என்றால் எத்தனை முழம், உதிரி என்றால் எத்தனை கிலோ.

3. எந்த நாள், எத்தனை மணிக்கு வேண்டும். முதல் ஷிப்ட் தொடங்கும் முன் பூஜை என்றால், முதல் நாள் இரவே கைக்கு வர வேண்டும்.

4. அந்தப் பூ கிடைக்காவிட்டால் மாற்றாக எது. 'மல்லி இல்லையென்றால் சம்பங்கி' என்று நீங்களே சொல்லிவிட்டால், அங்கே வாக்குவாதம் வராது.

5. இன்றைய விலையா, அன்றைய விலையா. பண்டிகை நாளில் விலை ஏறத்தான் செய்யும். 'இவ்வளவுக்குள் முடித்துக் கொடுங்கள் அம்மா' என்று உங்கள் வரம்பைச் சொல்லிவிடுவது நல்லது.

6. முன்பணம் எவ்வளவு கொடுத்தீர்கள்.

மல்லிகை வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. காலையில் பறிக்கும் மொட்டு அன்று மாலையில்தான் விரியும். பூஜை காலையிலா, மாலையிலா என்று சொன்னால் அதற்கேற்பப் பூ தருவார்கள்.

வாங்கும்போது சாமந்தியை லேசாக உதறிப் பாருங்கள். இதழ் கொட்டினால் பழைய பூ. காம்பு கறுத்திருந்தாலும் வேண்டாம். ஈரக் கைக்குட்டையில் தேய்த்துச் சாயம் ஒட்டினால், அது நிறமேற்றிய பூ. வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, ஈரத்துணியிலோ வாழை இலையிலோ சுற்றி வையுங்கள். பைக்குள்ளேயே விட்டால் வியர்த்து அழுகிவிடும்.

இயந்திரத்துக்குப் பூ வைக்கும்போது...

இது மிக முக்கியம். இயந்திரத்தின் மின்சாரத்தை முழுவதும் நிறுத்திய பின்பே பொட்டும் பூவும் வைக்க வேண்டும். சுழலும் பாகம், மோட்டாரின் காற்றுத் துளை, சென்சார், மின்பலகை ஆகியவற்றில் பூச்சரம் படக்கூடாது. மறுபடி ஓட்டும் முன் எல்லாப் பூவையும் நாரோடு எடுத்துவிடுங்கள். ஒரு துண்டு நார் சக்கரத்தில் சுற்றினாலும் ஆபத்து. அதை எடுக்கக் கை நீட்டினால் இன்னும் ஆபத்து.

வண்டிகளில் விளக்கு, கண்ணாடி, நம்பர் பிளேட் ஆகியவற்றை மாலை மறைக்கக்கூடாது. பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்காதீர்கள். ஒரகடம் சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அதில் வழுக்கி விழுந்தால், நம் திருஷ்டி கழிந்ததாகுமா?

வாடிய பூவை ஏரியில் கொட்ட வேண்டாம். பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருவது. நாரைப் பிரித்துவிட்டு, மரத்தடியில் குழிதோண்டிப் புதைத்தால் நல்ல உரமாகும்.

சொன்ன சொல்லும் ஒரு மலரே!

கடைசியாக ஒன்று. இருபது மாலை சொல்லிவிட்டு, அன்று காலையில் வேறு கடையில் பத்து ரூபாய் குறைவு என்று போய்விடுகிறவர்கள் உண்டு. 'பூஜை ரத்தாகிவிட்டது' என்று போனில் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அரிசியோ பருப்போ என்றால் நாளைக்கு விற்கலாம். கட்டிய மாலையை நாளைக்கு யார் வாங்குவார்கள்? கடன் வாங்கிப் பூ எடுத்து, இரவெல்லாம் கண்விழித்துக் கட்டிய ஒரு குடும்பத்தின் பண்டிகை அதோடு போயிற்று. அவர்கள் வீட்டிலும் ஆயுத பூஜை உண்டு; கத்தரிக்கோலும் தராசும் அவர்களுக்கு ஆயுதம்.

தவிர்க்க முடியாமல் அளவைக் குறைக்க நேர்ந்தால், அவர் சந்தைக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அதன்பிறகு சொல்ல நேர்ந்தால், எடுத்த பூவுக்கான பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பூவை வாங்கி அருகிலுள்ள கோயிலில் சேர்த்தால் அதுவும் கைங்கர்யமே. மனம் நொந்து ஒருவர் கொடுத்த பூவைவிட, மனம் குளிர்ந்து கொடுத்த ஒரு முழம் பூ தெய்வத்துக்கு உகந்தது.

இந்த ஆண்டு பூஜைக்கு, பொரி கடலை வாங்கும் முன்பே உங்கள் பூக்கடைக்குப் போய் வாருங்கள். அளவாகச் சொல்லுங்கள், சொன்னபடி வாங்குங்கள். கலைமகள் அருளால் உங்கள் தொழில் தழைக்கட்டும், இல்லம் மணக்கட்டும்!