பெயருக்காக 27 ஆண்டுகள்

குழந்தைக்குப் பெயர் வைப்பது யார்? பெற்றவர்கள்தான். பக்கத்து வீட்டாரிடம் அனுமதி கேட்பதில்லை.

நாடும் அப்படித்தான். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும். தன் காரியங்களைத் தானே முடிவு செய்யும் இந்த உரிமைக்கு இறையாண்மை என்று பெயர். நம் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே நாட்டின் பெயரைத்தான் சொல்கிறது. இந்தியா, பாரதம் என்ற இரண்டு பெயர்களும் அதில் உள்ளன. ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயர் ஆண்ட 'கோல்டு கோஸ்ட்' 1957-இல் விடுதலை பெற்றது. கானா என்று பெயர் சூட்டிக்கொண்டது. யாரும் தடுக்கவில்லை.

ஆனால் ஒரு சின்ன நாடு மட்டும் தன் பெயருக்காகப் பெரும் பாடு பட்டது.

ஐரோப்பாவில் யூகோஸ்லாவியா என்ற நாடு இருந்தது. அது உடைந்தபோது அதன் தென்பகுதி 1991-இல் தனி நாடானது. மக்கள் தொகை ஏறக்குறைய 20 லட்சம். 'மாசிடோனியக் குடியரசு' என்று பெயர் வைத்துக்கொண்டது.

தெற்கே இருந்த கிரீஸ் நாடு உடனே எதிர்த்தது. ஏன்? கிரீசின் வடபகுதிக்கும் மாசிடோனியா என்றுதான் பெயர். மாவீரன் அலெக்சாண்டர் ஆண்ட பழைய அரசின் பெயரும் அதுவே. பெயரை எடுத்தவர்கள் நாளை நிலத்தையும் கேட்பார்களோ என்று கிரேக்கர்கள் பயந்தார்கள். 'எங்களை நாங்கள் வேறு எப்படி அழைப்பது?' என்று இவர்கள் கேட்டார்கள்.

1993-இல் அந்த நாடு ஐ.நா. சபையில் சேர்ந்தது. சொந்தப் பெயரில் அல்ல. 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற தற்காலிகப் பெயரில்! சபையில் நாடுகள் ஆங்கில எழுத்து வரிசையில் உட்காரும். மாசிடோனியாவுக்கு உரிய 'எம்' எழுத்துக்குக் கிரீஸ் சம்மதிக்கவில்லை. 'முன்னாள்' என்ற சொல்லின் எழுத்தில் உட்கார அந்த நாடு சம்மதிக்கவில்லை. கடைசியில், ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் 'தி' என்ற சிறு சொல்லை வைத்து இடம் கொடுத்தார்கள். தாய்லாந்துக்குப் பக்கத்தில் நாற்காலி! தமிழில் அந்தச் சொல்லுக்கு ஈடான சொல்கூடக் கிடையாது.

சண்டை பெயரோடு நிற்கவில்லை. அந்த நாட்டுக்குக் கடற்கரை இல்லை. கிரீசின் தெசலோனிகி துறைமுகம் வழியாகத்தான் பல சரக்குகள் வரவேண்டும். 1994-இல் கிரீஸ் அந்த வழியை அடைத்தது. கிரீசின் பயத்தைப் புரிந்துகொள்ளலாம். ஏழை நாட்டின் வணிகத்தை முடக்கியது நியாயமா? அந்த நாடு தன் கொடியையே மாற்றிக்கொண்டது. 1995-இல்தான் வழி திறந்தது.

2008-இல் நேட்டோ என்ற ராணுவக் கூட்டில் சேர முயன்றது. கிரீஸ் தடுத்துவிட்டது.

2018 ஜூனில் இரு நாடுகளும் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் செய்தன. பெயர், 'வடக்கு மாசிடோனியக் குடியரசு'. மக்களின் மொழியை 'மாசிடோனிய மொழி' என்றே அழைக்கலாம். இரு பக்கமும் எதிர்ப்பு கிளம்பியது. அங்கே நடந்த வாக்கெடுப்புக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. ஆனாலும் இரு நாடாளுமன்றங்களும் ஏற்றுக்கொண்டன. 2019 பிப்ரவரியில் புதுப் பெயர் நடப்புக்கு வந்தது. 2020-இல் நேட்டோவில் இடம் கிடைத்தது.

பேசிப் பாருங்கள்:
'வடக்கு' என்ற ஒரு சொல்லால் கிரீசுக்கு என்ன கிடைத்தது?
உங்கள் ஊர்ப் பெயரை மாற்றும்படி பக்கத்து ஊர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?