பழைய எஞ்சினுக்குப் புது றிங் போடும் முன்



இம்முறை நமது பாடம் எஞ்சின் பற்றியது. "இது பாஸ்மார் விசயம், நமக்கு எதற்கு?" என்று தாய்மார் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதை தொடங்குவதே ஒரு தங்கச் சங்கிலியில்தான்.

எங்கள் டிவிசனில் ஒரு தம்பி, மிளகாயும் மாவும் அரைக்கிற சின்ன மில் போடலாம் என்று பழைய லிஸ்டர் டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கினார். இங்கிலாந்தில் டேர்ஸ்லி என்ற ஊரில் செய்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். நிமிடத்துக்கு 650 சுற்று, 6 குதிரைவலு. நிதானமாக ஓடும், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் வாங்கியது காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை. "றிங் போய்விட்டது" என்று கடையில் சொன்னார்கள். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. புது றிங் செட் வந்தது. போட்டார்கள். மூன்றாம் நாள் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் மேல் றிங் இரண்டாக உடைந்து கிடக்கிறது.

பிறகுதான் பெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மாத்திரை வாங்குவியா?" அன்று அவரிடம் கற்றதையே இங்கே எழுதுகிறேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் இல்லை. பிஸ்டன் மேலே வரும்போது காற்று நெருக்கப்பட்டுச் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இந்த நெருக்கத்தைத்தான் கொம்பிரஷன் என்கிறோம். காற்று எங்கேயாவது ஒழுகினால் சூடு போதாது. நம் மலைக் குளிரில் இன்னும் மோசம். ஆகவே, காற்று எந்த வழியாக ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

1. காசு செலவில்லாத சோதனை. டீசலை அடைத்துவிடுங்கள். பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் நெருக்கும் இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். நல்ல எஞ்சின் ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளும். ஒழுகினால் 'உஸ்' என்று சத்தம் வரும். காற்று இழுக்கும் குழாயில் கேட்டால் இன்லெட் வால்வு. புகைக்குழாயில் கேட்டால் எக்ஸோஸ்ட் வால்வு. கீழே எண்ணெய் இருக்கும் பெட்டிப் பக்கம் கேட்டால் றிங் அல்லது சிலிண்டர். ஹெட் பொருத்தில் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வந்தால் கேஸ்கட்.

வால்வு என்று தெரிந்தால் முதலில் டெப்பட் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. அதைச் சரிசெய்தும் ஒழுகினால் அரைக்கும் பசை தடவி வால்வைத் தேய்த்துப் பொருத்தலாம். செலவு மிகக் குறைவு.

2. எண்ணெய்ச் சோதனை. காற்று இழுக்கும் வழியாக இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, சில தடவை சுற்றிவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள். கொம்பிரஷன் கூடினால் குறை றிங்கிலோ சிலிண்டரிலோ. கூடாவிட்டால் வால்வு, கேஸ்கட் பக்கம் தேடுங்கள். ஒயிலை அள்ளி ஊற்றக் கூடாது. பிஸ்டனுக்கு மேல் தேங்கினால் எஞ்சினே உடையும்.

3. சிலிண்டரை அளத்தல். தம்பி செய்யாமல் விட்டது இதைத்தான். விலை கூடிய கருவி தேவையில்லை. ஒரு றிங்கும் பீலர் கேஜும் போதும். றிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக நிறுத்துங்கள். றிங்கின் இரு நுனிக்கும் இடையே உள்ள இடைவெளியை அளவுங்கள். முதலில் தேயாத அடிப்பகுதியில், பிறகு றிங் அதிகம் உரசும் மேற்பகுதியில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தில் ஏற்பட்ட தேய்மானம் கிடைக்கும்.

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை பாஸ்மார் 'தவ்' என்பார்கள். தம்பியின் சிலிண்டரில் அடியில் 16 தவ், மேலே 47 தவ். வித்தியாசம் 31. அதாவது ஏறக்குறைய 10 தவ் தேய்மானம். நாலரை அங்குலச் சிலிண்டருக்குப் புது றிங் இடைவெளி 14 முதல் 18 தவ் வரை இருந்தால் போதும். ஓர் அங்குலத்துக்கு 3, 4 தவ் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 10 தவ் தேய்ந்த சிலிண்டருக்குப் புது றிங் மட்டும் போட்டுப் பலனில்லை. அதோடு, தேய்ந்த இடத்துக்கு மேலே றிங் தொடாத பகுதி ஒரு படி போல நிற்கும். நகத்தால் தடவினால் தெரியும். பழைய றிங்கின் ஓரம் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். புது றிங்கின் கூரான ஓரம் அந்தப் படியில் மோதும். அன்று கேட்ட 'டக்' அதுதான்.

4. பிஸ்டன். றீபோர் செய்வதென்றால் முதலில் பெரிய சைஸ் பிஸ்டனை வாங்கி, அதையும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், அதை அளந்து போர் பண்ணச் சொல்லுங்கள். போர் பண்ணிவிட்டுப் பிஸ்டன் தேடி அலையாதீர்கள். பழைய பிஸ்டன் வார்ப்பிரும்பாகவும் புதியது அலுமினியமாகவும் இருக்கலாம். அலுமினியம் சூட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரும்புக்குரிய இடைவெளியையே வைத்தால் சூடானதும் இறுகிப் பிடித்துவிடும். பிஸ்டனோடு வரும் தாளில் உள்ள இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள்.

5. ஈயக் கம்பி. புதுப் பிஸ்டனின் உயரம் சற்று மாறினாலும் கொம்பிரஷன் மாறும். பிஸ்டன் தலையில் சிறு ஈயக் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை இறுக்கி, கையால் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். கழற்றி, நசுங்கிய கம்பியின் தடிப்பை அளவுங்கள். அதுதான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. கூடினால் குளிரில் பற்றாது. குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். லிஸ்டரில் சிலிண்டரின் அடியில் உள்ள மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்துப் புத்தகத்தில் உள்ள அளவுக்குக் கொண்டுவரலாம்.

கவனம்: சுழலும் பிளைவீல் பக்கம் சேலைத் தலைப்போ பிள்ளைகளோ போகக் கூடாது. பூட்டிய அறைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

தம்பியின் மில் இப்போது ஓடுகிறது. காலையில் இரண்டே சுற்றில் பற்றுகிறது. சங்கிலி மட்டும் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. உடைந்த றிங் செட்டுக்குக் கொடுத்த காசு கையில் இருந்திருந்தால் எப்போதோ மீட்டிருக்கலாம் என்று அந்தத் தங்கச்சி என்னிடம் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். வீட்டில் யாராவது "சாமான் வாங்கக் காசு வேண்டும்" என்று கேட்டால், தாய்மாரே, தங்கச்சிமாரே, நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அளந்து பார்த்தீங்களா?"