படச் சுருக்கம்: பழைய முறை ஏன் நிலைக்கிறது?

முதலில் ஒரு கணக்கு. 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் உள்ள ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்க 3 பைட்டுகள் தேவை. ஆக, 3 கோடியே 60 இலட்சம் பைட்டுகள்! ஆனால் கைப்பேசியில் அப்படம் பெரும்பாலும் இதில் பத்தில் ஒரு பங்கு இடத்திலேயே அடங்கிவிடுகிறது. மீதி எங்கே போயிற்று?

கண்ணை அறிந்த கணக்கு

1992ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் என்னும் முறை இதைச் செய்கிறது. நம் கண் ஒளியின் ஏற்ற இறக்கத்தை நன்கு உணரும். நிறத்தின் நுண்ணிய மாற்றத்தை அவ்வளவாக உணராது. எனவே ஜேபெக் ஒளியையும் நிறத்தையும் தனியே பிரித்து, நிறத் தகவலைக் குறைத்துக்கொள்கிறது. பின்னர் படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தின் 64 எண்கள் வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. அவற்றுள் முதல் சில எண்கள் கட்டத்தின் பொதுத் தோற்றத்தையும், கடைசி எண்கள் மிக நுண்ணிய மாற்றங்களையும் காட்டும். இம்மாற்றத்திற்கு உதவுவது, நீங்கள் திரிகோணவியலில் படிக்கும் அதே கொசைன்தான்! பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டனர்.

அடுத்து, நுண்ணிய மாற்றங்களைக் குறிக்கும் எண்கள் பெரிய எண்களால் வகுக்கப்பட்டு, முழு எண்களாக்கப்படுகின்றன. 7ஐ 40ஆல் வகுத்து முழு எண்ணாக்கினால் 0. அந்த 0ஐ மீண்டும் 40ஆல் பெருக்கினால் 7 கிடைக்குமா? கிடைக்காது. இழந்தது இழந்ததுதான்.

புதிய முறைகள்

2010ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் வெப்பி என்னும் முறையை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டில் ஏவிஃப் வந்தது. இவை, பக்கத்துக் கட்டங்களைக் கொண்டு ஒரு கட்டம் எப்படியிருக்கும் என்று முதலில் ஊகிக்கின்றன. ஊகத்திற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சேமிக்கின்றன. அதனால் அதே தெளிவுள்ள படம் இன்னும் சிறிய கோப்பில் அடங்குகிறது.

அப்படியானால் எல்லோரும் உடனே மாறியிருக்க வேண்டுமல்லவா? அங்கேதான் சிக்கல். படத்தைச் சுருக்குபவர் ஒருவர். விரித்துப் பார்ப்பவர் வேறொருவர். இருவரிடமும் ஒரே முறை இருந்தால்தான் படம் தெரியும். ஃபயர்பாக்ஸ் உலாவி வெப்பியை 2019ஆம் ஆண்டிலும், சஃபாரி உலாவி 2020ஆம் ஆண்டிலும்தான் ஏற்றன. பத்தாண்டுகள்! ஜேபெக் படத்தையோ ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் திறக்கும். அதன் வலிமை அதுவே.

பழைய படங்களை என்ன செய்வது?

ஜேபெக் படத்தை இழப்புள்ள ஒரு புதிய முறைக்கு மாற்றினால், ஏற்கெனவே குறைந்த தகவல் மறுபடியும் குறையும். இதற்கு ஒரு வழி கண்டது 2022ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் எக்ஸ்எல். அது ஜேபெக்கின் எண்களை மாற்றாமல் இன்னும் நெருக்கமாக அடுக்குகிறது. கோப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். வேண்டும்போது மூலக் கோப்பை அப்படியே மீட்கலாம். ஆயினும் குரோம் உலாவி அதற்கான சோதனை ஆதரவை விலக்கப்போவதாக 2022ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. சஃபாரி 2023ஆம் ஆண்டில் அதை ஏற்றது. திறமை மட்டும் ஒரு முறையை நிலைநிறுத்தாது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆகவே, உங்கள் வீட்டுப் படங்களைப் புதிய முறைக்கு மாற்றினாலும் மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

செய்து பாருங்கள்

83, 37, 7 ஆகிய எண்களை 10ஆல் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்கி, மீண்டும் 10ஆல் பெருக்குங்கள். கிடைத்த விடைகளை 15ஆல் வகுத்து அவ்வாறே செய்யுங்கள். முதல் முறை ஒவ்வோர் எண்ணிலும் பிழை எவ்வளவு? இரண்டாம் முறை எவ்வளவு? ஒரு படத்தை மீண்டும் மீண்டும் சுருக்கினால் அது ஏன் மங்குகிறது என்பது விளங்கும்.