பின் இருக்கையிலிருந்து திருவண்ணாமலை

பைக்கில் வெளியூர் போய்வந்தோம் என்றால் எல்லாரும் என் கணவரிடம்தான் பேசுவார்கள். என்ன வண்டி, மைலேஜ் எவ்வளவு கொடுத்தது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள்? பின்னால் உட்கார்ந்து அதே தூரம் போய்வந்தவளிடம் ஒரு கேள்வியும் வராது. இத்தனைக்கும் இருவர் போகும் பயணத்தில் முதலில் களைப்பது பின்னால் இருப்பவர்தான். முன்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. பள்ளம் வருவது கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் இருப்பவருக்குப் பள்ளம் வந்தபிறகுதான் வந்தது தெரியும். ஆகவே சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு எங்கள் புல்லட்டில் போய்வந்து நான் தெரிந்துகொண்டதைப் பின் இருக்கையின் கணக்கிலேயே எழுதுகிறேன்.

வழி சுலபம். தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம். அங்கே வலது பக்கம் திரும்பி செஞ்சி, கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை. கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். பரனூரிலும் ஆத்தூரிலும் சுங்கச்சாவடி உண்டு. இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரத்து வழியில் நிற்காமலே போய்விடலாம். ஜெர்மனியில் இருக்கும் என் அண்ணனும் அண்ணியும் வாடகை பைக்கில் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போனபோது, ஆஸ்திரியாவின் விரைவுச் சாலையில் ஏறவே பைக்குக்குத் தனியாக வரிவில்லை வாங்க வேண்டியிருந்ததாம். சுவிட்சர்லாந்திலும் அப்படியே, அங்கே வருடத்துக்கு 40 பிராங்க். இத்தாலிக்குப் போனால் பல பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளி வண்டி நுழையக் கூடாது, கேமரா படம் பிடித்து வீட்டுக்கு அபராதம் அனுப்பிவிடும். "வண்டியை வெளியில விட்டுட்டு நடந்தோம், அதுதான் நல்லா இருந்துச்சு" என்றார் அண்ணி. இந்தக் கடைசி விஷயம் திருவண்ணாமலைக்கும் பொருந்தும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிறுத்தம். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்க வேண்டும், உடம்பு வலித்தாலும் வலிக்காவிட்டாலும். வலி வந்தபிறகு இறங்கினால் அந்த நாள் முழுக்க வலி கூடவே வரும். எங்கே நிறுத்துவது என்பதை முன்னால் இருப்பவரிடம் விடக் கூடாது. "இன்னும் பத்து கிலோமீட்டர்தாம்மா, செஞ்சியில நிறுத்திக்கலாம்" என்பார்கள். அந்தப் பத்து எப்போதும் இருபதாகும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. வலது தோளில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை. இரண்டு தட்டு என்றால் அடுத்து வரும் நல்ல இடத்தில் நிறுத்து. தட்டியபிறகு விவாதம் இல்லை. ஹெல்மெட்டுக்குள் பேசும் புளூடூத் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. எனக்கு அதில் ஆர்வமில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் பேச்சு வந்தால் சண்டையும் கூடவே வரும்.

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்: கழிப்பறை. வழியில் இடம் கிடைக்காதே என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பைக்கில் ஏறும் பெண்கள் நிறைய. வெயிலிலும் காற்றிலும் உடம்பு வற்றி, மதியத்துக்குள் தலைவலி பிடித்துவிடும்; பிறகு கோயிலும் வேண்டாம் மலையும் வேண்டாம் என்று தோன்றும். தீர்வு எளிது. டீக்கடையில் நிறுத்தாமல் பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றும் அங்கே இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். பெரிய பங்காக, கார்கள் நிற்பதாகப் பார்த்தால் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள், தயங்க வேண்டாம். திண்டிவனத்தைத் தாண்டினால் பங்குகளுக்கு நடுவே இடைவெளி கூடும். அதனால் ஊருக்குள் திரும்புமுன் ஒருமுறை நிறுத்திவிடுவது என் வழக்கம்.

உடை. சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து 190 கிலோமீட்டர் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால்தான் வண்டி வளையும்போது நாமும் சேர்ந்து வளைய முடியும். சுடிதார் என்றால் துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். கழுத்தைச் சுற்றி முடிந்தாலும் நுனி காற்றில் அவிழ்ந்து சக்கரத்துக்குப் போகும். பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் இவையெல்லாம் மோட்டார் வாகன விதியிலேயே இருக்கின்றன. அழகுக்காக சேலை கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயிலுக்கென்று ஒரு பருத்திச் சேலை, ஒரு வேட்டி, இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. பூட்ஸை அறையிலேயே விட்டுவிடலாம்.

செஞ்சி தாண்டியபிறகு சாலையில் கவனிக்க வேண்டியது வேறு. அறுவடைக் காலத்தில் கேழ்வரகையும் உளுந்தையும் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிச் சக்கரம் மிதித்துக் கொடுக்கட்டும் என்று. காருக்கு அது ஒன்றுமில்லை. இரண்டு பேர் ஏறிய பைக்குக்கு எண்ணெய் கொட்டிய தரைதான். அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள். வேகத்தை முன்னாலேயே குறைத்து நேராக உருண்டு போய்விடுங்கள். உளுந்தங்கொடி செயினில் சுற்றினால் இறங்கிப் பிடுங்கத்தான் வேண்டும். இன்னொன்று, கரும்பு டிராக்டர். பின்விளக்கு இல்லாமல், சாலையின் பாதி அகலத்துக்குக் கரும்பு நீட்டிக்கொண்டு, இருட்டில் மெல்லப் போகும். மாலை ஆறரைக்குமேல் அந்தச் சாலையில் நாங்கள் வண்டி எடுப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரியத் தொடங்கும். அப்போது பின்னால் இருப்பதற்கு நன்றி சொல்லலாம். ஓட்டுபவர் சாலையைத்தான் பார்க்க முடியும்.

ஐரோப்பாவில் பைக் தம்பதிகள் நாளுக்கு ஓர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பார்கள். பெட்டிகள் வண்டியிலேயே பூட்டோடு பொருத்தியிருக்கும். நமக்கு அது சரிவராது. கயிறு கட்டிய பையை வண்டியில் விட்டுவிட்டுச் செஞ்சிக் கோட்டை ஏற முடியுமா? ஏறினாலும் மனசு கீழேயே நிற்கும். நேராகத் திருவண்ணாமலைக்குப் போய் அறை எடுத்து, மூட்டையை இறக்கிவிட்டு, அங்கிருந்து தினமும் வெறும் வண்டியில் ஒவ்வொரு திசையாகப் போய்வருவதுதான் நம் ஊருக்குத் தோதான முறை. செஞ்சி நாற்பது கிலோமீட்டருக்குள். சாத்தனூர் அணையும் திருக்கோவிலூரும் அதே அளவு தூரம்தான். போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் ஜமுனாமரத்தூர் வரை எழுபத்தைந்து, எண்பது ஆகும்.

ஊருக்குள் வண்டி வேண்டாம். பெரிய கோயிலைச் சுற்றியுள்ள தேரோடும் வீதிகளில் பைக்கை நிறுத்த இடம் தேடுவதிலேயே அரை மணி போய்விடும். லாட்ஜில் விட்டுவிட்டு நடங்கள், அல்லது ஆட்டோ பிடியுங்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கிய 217 அடி ராஜகோபுரத்தின் கீழே ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பதைவிட வெறுங்கையோடு பார்ப்பது மேல். மதியம் 12.30க்கு நடை சாத்தினால் 3.30க்குத்தான் திறப்பார்கள், பலர் சரியாக ஒரு மணிக்கு வந்து நிற்பார்கள்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதைப் பைக்கில் சுற்றி எட்டு லிங்கத்துக்கும் இறங்கி இறங்கிக் கும்பிட்டு ஒரு மணி நேரத்தில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவரவர் விருப்பம். நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு நடக்கத் தொடங்குவோம். ஒன்பதுக்குமேல் தார் சுடும், வெறுங்காலோடு தாங்காது. அடி அண்ணாமலைப் பக்கம் போகும்போது பொழுது விடியும்; அங்கே மலையின் உருவமே மாறியிருக்கும். முதல் நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்து மரத்துப்போன இடுப்புக்கு இந்த நடையைவிட நல்ல மருந்து இல்லை. ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்துக்கு ஏறும் கல்பாதையும் அப்படித்தான். ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த இடம் அது. அங்கிருந்து கீழே பார்த்தால் கோயிலின் அமைப்பு முழுக்கத் தெரியும். ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். வந்து நின்று கேட்டால் கிடைப்பது அபூர்வம்.

வெளியே போகும் திசைகளில் எனக்குப் பிடித்தது செஞ்சி. காலையில் போய்விட வேண்டும், கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏறி இறங்க மூன்று மணி நேரமாவது பிடிக்கும். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. பிறகு அவர் மகன் ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டு முகலாயப் படையை எட்டு வருடம் காக்கவைத்தார். 1698இல்தான் கோட்டை விழுந்தது. ஏறிப் பார்த்தால் அந்த எட்டு வருடத்துக்குக் காரணம் விளங்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்தது செஞ்சி ஒன்றுதான். குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டப் பை தெரியக் கூடாது.

திருக்கோவிலூர் போகிறவர்கள் பெரும்பாலும் உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தென்பெண்ணை ஆற்றின் எதிர்க்கரையில் அரகண்டநல்லூர்ப் பாறைக் கோயிலையும் பாருங்கள். 1896இல் மதுரையிலிருந்து கிளம்பிய பதினாறு வயது வேங்கடராமன், கையில் காசு தீர்ந்து மாம்பழப்பட்டிலிருந்து நடந்து வந்து உட்கார்ந்த கோயில் அது. பக்கத்துக் கீழூரில் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கி, செப்டம்பர் 1 அன்று ரயிலில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அவரைத்தான் பிறகு ரமணர் என்று அறிந்தோம். ஆற்றின் நடுவே கபிலர் குன்று. வள்ளல் பாரி இறந்தபிறகு புலவர் கபிலர் வடக்கிருந்து உயிர் விட்ட இடம் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள்.

ஜவ்வாது மலைக்கு முன்னால் பிரேக்கைச் சரிபார்த்துவிடுங்கள். இரண்டு பேர் எடையோடு இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். மலைமேல் காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. பொதுமக்களுக்குச் சனிக்கிழமை அனுமதி என்றாலும் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. வரும்போது மலைவாசிகளிடம் சாமையும் தேனும் வாங்கலாம்.

சாத்தனூர் அணை, 1958இல் முடித்தது, குழந்தைகளோடு போக ஏற்ற இடம். முதலைப் பண்ணை உண்டு. எங்களுக்கு ஒருமுறை போதும்.

இனி பஞ்சர். எங்கள் வண்டி கம்பி வீல், உள்ளே ட்யூப். பஞ்சரானால் வீலையே கழற்ற வேண்டும், அரை மணி நேர வேலை. அவலூர்ப்பேட்டை ரோட்டில் ஒரு கடை. பெரியவர் என்னைப் பார்த்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து "உட்காரும்மா" என்றார். டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவி, லாட ஆணி ஒன்றை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மாட்டின் குளம்பிலிருந்து விழுந்தது, முனை தேய்ந்து பளபளவென்றிருந்தது. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டபடி அவர் சொன்னார்: "ரெண்டு பேர் போறீங்க, பின்சக்கரத்துக்கு அதிகமாத்தான் காத்து வேணும். கொறஞ்சா டயர் நழுவி ட்யூபை வால்வுகிட்ட கிழிச்சிடும், அதுக்கு ஒட்டுப் போட முடியாது." அதன்பிறகு எங்கள் சைடு பேக்கில் ஒரு புது ட்யூப் எப்போதும் இருக்கிறது. இருவர் ஏறினால் எவ்வளவு காற்று என்பது வண்டியோடு வரும் கையேட்டிலேயே இருக்கும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது பிடித்துவிடுங்கள்.

போக நல்ல காலம் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. தேதி குறிக்குமுன் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமியன்றும் கார்த்திகை தீபத்தன்றும் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், அறை வாடகையும் எகிறும். தீபம் பார்க்க ஆசையென்றால் பஸ்ஸில் போங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இரு சக்கர வண்டியில் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 2015லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, ஜூலை 1 முதல் அது கட்டாயமானது. இப்போது தமிழ்நாட்டில் பின்னால் இருப்பவர் போடாவிட்டாலும் அபராதம் ஆயிரம் ரூபாய். ஆனாலும் நெடுஞ்சாலையில் நான் பார்ப்பது என்ன? ஓட்டுபவர் தலையில் விலையுயர்ந்த ஹெல்மெட். மனைவி தலையில் வண்டி வாங்கும்போது சும்மா கொடுத்தது, வாரும் கட்டாமல், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு. கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, அவர் தலையில் மாட்டி, வாரைக் கட்டி, ஆடாத அளவாக வாங்கிக்கொடுங்கள்.