போன் பண்ணலாமா, மெசேஜ் போதுமா, நேரில் வரணுமா?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் காலை பத்து மணி எல்லாருக்கும் பகல் கிடையாது. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல கம்பெனிகள் மூன்று ஷிஃப்ட் ஓடுகின்றன. இரவு ஷிஃப்ட் முடித்தவர் ஏழு மணிக்கு வீடு வந்து, குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், பத்து மணி அவருக்கு நடுச்சாமம். அதே தொழிற்பேட்டையின் ஐ.டி. வளாகங்களில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கும் இதே நிலைதான். அந்த நேரத்தில் "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று ஒரு போன் வந்தால் அன்றைய தூக்கம் போச்சு.

அதனால் ஒருவரை எப்படித் தொடர்புகொள்வது என்பதை, கூப்பிடுகிறவர் தன் சௌகரியத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. போனை எடுக்க வேண்டியவரின் நேரமும் இடமும்தான் கணக்கு. அவரும் தனக்கு எது தோது என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நம்மில் பலர் சொல்வதில்லை. சொன்னால் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். இதில் திமிர் ஒன்றும் இல்லை.

போன் அழைப்பை அவசரத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது. ஆஸ்பத்திரி, விபத்து, சாவுச் செய்தி, பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையை அழைத்து வருவது, இவற்றுக்கு போன்தான். சாவுச் செய்தியை குடும்ப குரூப்பில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நெருங்கிய சொந்தங்களுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பகலில் தூங்குகிறவர்கள் போனை அணைத்து வைக்கத் தேவையில்லை. 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டால் போதும். அதிலேயே, ஒரே ஆள் மறுபடி கூப்பிட்டால் மணி அடிக்கும்படி வைக்க வழி உண்டு. ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பும், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் வருவதும் கேட்கும். வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்: உயிர் போகிற அவசரம் என்றால் உடனே இரண்டாம் முறை அடி, இல்லாவிட்டால் மெசேஜ் போடு. இந்த ஒரு ஏற்பாடு போதும், எழுப்பவா வேண்டாமா என்ற தயக்கம் யாருக்கும் இருக்காது.

ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களின் சங்கதி வேறு. செல்போனை உள்ளே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கும் இடங்களில், வீட்டிலிருந்து பத்து முறை அடித்தாலும் பலன் இல்லை. அங்கே பழைய தரைவழி போன்தான் துணை. செக்‌ஷன் நம்பரையும் கேட் நம்பரையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். போனில் சேமித்தால் மட்டும் போதாது. அவசர நேரத்தில் அந்த போனே சார்ஜ் இல்லாமல் கிடக்கும்.

அன்றாடச் சேதிக்கு வாட்ஸ்ஆப் எழுத்து மெசேஜுக்கு ஈடு இல்லை. ஆனால் "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். பெயர், விஷயம், எப்போதுக்குள் பதில் வேண்டும், மூன்றையும் ஒரே மெசேஜில் சொல்லிவிடுங்கள். நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். மெஷின் முன்னால் நின்றபடி ஒரு கண் பார்த்திருப்பார். அந்த நச்சரிப்பே வேண்டாம் என்பவர்கள் செட்டிங்ஸில் நீல டிக்கை அணைக்கலாம், ஆனால் குரூப்பில் அது வேலை செய்யாது.

டைப் அடிக்கத் தெரியாத அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் வாய்ஸ் மெசேஜ் பெரிய வரம். அவர்கள் அனுப்பட்டும். நாம் அனுப்பும்போது மட்டும் ஒரு நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை நெரிசலில் அரக்கோணம் லோக்கலில் அன்னனூரைத் தாண்டித் தொங்கிக்கொண்டு போகிறவரால் நாலு நிமிடப் பேச்சை எப்படிக் கேட்க முடியும்?

எஸ்.எம்.எஸ்-ஐயும் மறந்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. கரண்ட் இல்லை, நெட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் சிக்னல் லேசாக எட்டிப் பார்த்தாலே குறுஞ்செய்தி போய்விடும். "பத்திரம், மாடியில் இருக்கிறோம்" என்று இரண்டு வார்த்தை அனுப்ப அது போதும்.

ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்கு என் கறாரான யோசனை: அளவையும் விலையையும் போனில் முடிக்காதீர்கள். பிரஸ் ஓடுகிற சத்தத்தில் 'அம்பது' என்பதும் 'ஒம்பது' என்பதும் ஒன்றாகத்தான் கேட்கும். ஒன்பது மில்லிமீட்டர் துளை கேட்ட இடத்தில் வேறு அளவில் போட்டால் அந்த லாட் முழுவதும் ஸ்கிராப். பேசுவதைப் பேசுங்கள், டிராயிங்கை வாட்ஸ்ஆப்பில் பாருங்கள், ஆர்டரை மட்டும் இமெயிலில் வாங்குங்கள். சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனால் அவருடைய நம்பரோடு அந்த உரையாடலும் போய்விடும். கம்பெனி இமெயில் கம்பெனியிலேயே இருக்கும்.

நேரில் போவது கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் உடல்நலம் விசாரிக்கவும். பூந்தமல்லியில் இருக்கும் பெரியப்பாவுக்குப் பத்திரிகையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், கல்யாணத்துக்கும் வரமாட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தால்தான் அது அழைப்பு. ஆனால் வயசுப் பிள்ளைகள் வீட்டுக்கு, அதுவும் இரண்டு பேரும் ஷிஃப்ட் போகிற வீட்டுக்கு, முன்கூட்டிக் கேட்காமல் போய் நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர்கள் சேர்ந்து சாப்பிடும் நாள்.

புது நம்பரிலிருந்து கூப்பிடுகிறவர் முதலில் "நான் இன்னார்" என்று ஒரு மெசேஜ் போடுவது நல்லது. 140-ல் தொடங்கும் நம்பர்கள் விற்பனை அழைப்பு. தொல்லை தாங்கவில்லை என்றால் 1909-ல் பதிவு செய்யலாம்.

இந்த வாரமே உங்கள் நெருங்கியவர்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்: "இந்த மாதம் எனக்கு நைட் ஷிஃப்ட். மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் மெசேஜ் போடுங்கள், எழுந்ததும் பார்க்கிறேன். அவசரம் என்றால் இரண்டு முறை அடியுங்கள்." ஷிஃப்ட் மாறும்போது மெசேஜையும் மாற்றி அனுப்புங்கள். கூடவே, "உங்களுக்கு எது வசதி?" என்றும் கேட்டுவிடுங்கள்.