கலாமை விடுங்கள், ஜானகி அம்மாளை வரையுங்கள்

பென்சில் போர்ட்ரெய்ட்டில் காசு பார்க்க ஆசையா? இன்ஸ்டாகிராமைத் திறந்து பாருங்கள். ரஜினி, விஜய், கலாம், மறுபடியும் கலாம். நீங்களும் அதையே அனுப்பினால் பத்திரிகை எடிட்டர் எதற்கு நின்று பார்க்கப் போகிறார்? அதிகம் பேர் தொடாத முகத்தை எடுங்கள். அங்கே போட்டி குறைவு.

1. ஆளைத் தேடவே ஒரு வாரம் ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்த தாவரவியலாளர். கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். 1945இல் மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். 1977இல் பத்மஸ்ரீ. 1984இல் மதுரவாயலில் காலமானார். மதுரவாயல் பைபாஸில் தினமும் போய் வருபவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

2. ரெஃபரன்ஸ் போட்டோ ஒன்று போதாது. பழைய பிரிண்ட்டில் நடு டோன் செத்திருக்கும். முகத்தில் பாதி வெறும் கறுப்பாக இருக்கும். வெவ்வேறு வயதுப் படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். நிழலில் மறைந்த தாடையைப் பிடிக்க, வீட்டில் யாரையாவது அதே கோணத்தில் டேபிள் லேம்ப் முன் உட்கார வையுங்கள். ஒரு முறை சோம்பேறித்தனத்தில் வேறொருவர் கண்ணிமையைக் கடன் வாங்கி ஒட்டினேன். பார்த்த பெரியவர், “யாருப்பா இது?” என்றார். படம் குப்பைக்குப் போனது. இன்னொன்று: இந்தியாவில் போட்டோவின் காப்புரிமை, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டும். விற்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்.

3. ஹெச்பியில் மெலிதாக அவுட்லைன், 2பி, 4பியில் ஷேடிங், கண்மணிக்கும் கூந்தலுக்கும் கடைசியில் 6பி. விரலால் தேய்க்காதீர்கள், கையின் எண்ணெய் கறையாகிவிடும். கண்ணின் ஒளிப்புள்ளியைப் பேப்பரின் வெள்ளையாகவே விட்டுவையுங்கள். முடித்த ஓவியத்தை ஃப்ளாஷ் போட்டுப் படமெடுத்தால் கிராஃபைட் பளபளத்துக் காட்டிக் கொடுத்துவிடும். ஜன்னல் வெளிச்சமே போதும்.

4. பெயர், ஆண்டு, செய்த வேலை என்று ஒரு வரி கேப்ஷன் கட்டாயம். இல்லாவிட்டால் கிளையண்ட்டுக்கு அது யாரோ ஒரு அம்மா.

5. பாதி அட்வான்ஸ், இரண்டு கரெக்‌ஷன். நல்ல காரியம்தானே என்று இலவசமாகக் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே ரேட்டைச் சொல்லுங்கள்.

ஜானகி அம்மாளின் பிறந்தநாள் நவம்பர் 4. எடிட்டருக்கு உங்கள் மெயில் அக்டோபர் முதல் வாரமே போயிருக்க வேண்டும்.